கார்த்திகை, மார்கழியில் பூக்கும் டிசம்பர் பூ: யாழ்ப்பாண வளவில் வைக்கும் முறை

முற்றத்துவேம்பு:

வணக்கம். கோண்டாவிலில் 30 அடி நீள மதில், கிழக்குப் பார்த்தது. அடியில் செம்பாட்டு மண், இரண்டு அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல். விடிய ஏழு மணி தொடக்கம் மத்தியானம் வரை நல்ல வெயில், பிறகு வீட்டு நிழல். திருவெம்பாவை நாள்களில் சாமிக்கு வைக்க வளவிலேயே பூ வேணும். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நிக்குது. மழைக்காலத்தில் நிறையப் பூக்கிற, கோடையில் தண்ணி கேட்டு வருத்தாத பற்றை ஒண்டு தேடுறன். டிசம்பர் பூவா, கனகாம்பரமா? எத்தினை கண்டு, எந்த மாதம் வைக்கிறது, எப்ப வெட்டுறது எண்டு விவரமாச் சொல்லுங்கோ.

செம்பாட்டான்:

உங்கள் தேவைக்கு டிசம்பர் பூ. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் குணம் வேறு. கனகாம்பரம் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். அதற்குக் கூலியாக ஆண்டு முழுவதும் தண்ணீர் கேட்கும். வேர்முடிச்சு வட்டப்புழுவும் அதற்குச் சுலபமாகப் பிடிக்கும். மிளகாய், கத்தரி, புகையிலை மாறி மாறி நின்ற வலிகாமத்து மண்ணில் அந்தப் புழுவுக்குப் பஞ்சமில்லை. டிசம்பர் பூவின் தாவரப் பெயர் பார்லேரியா கிறிஸ்ரேற்றா. மூன்று நான்கு அடி உயரப் பற்றை. ஊதா, வெள்ளை, ரோசா, வெள்ளையில் ஊதாக் கோடு என்று நிறங்கள் உண்டு. வாசம் இல்லை, முள்ளும் இல்லை. வேர் ஊன்றிவிட்டால் வறட்சியைத் தாங்கும்.

இது ஏன் நமது இடத்துக்குப் பொருந்துகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்தே வரும். பகல் குறையக் குறைய மொட்டு வைக்கும் செடி இது. யாழ்ப்பாணத்தில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான்; அந்தச் சிறு வித்தியாசமே அதற்குப் போதும். புரட்டாதியில் தளிர் நுனிகள் மாறத் தொடங்கும், ஐப்பசிக் கடைசியில் முதல் பூ, கார்த்திகை தொடக்கம் தை வரை நிறைவு. ஆகவே பூ வரும் இடம் ஆடி, ஆவணியில் வளர்ந்த தளிரின் நுனியும் மேல் கணுக்களும். அந்தத் தளிரைப் பிந்தி வெட்டினால் அந்த ஆண்டின் பூவையே வெட்டியதாகும். இந்தச் செடியில் நடக்கும் பிழைகளில் பாதிக்கு மேல் இதுதான்.

30 அடிக்கு 15 கண்டு. முனையிலிருந்து ஒரு அடி விட்டு முதல் கண்டு, பிறகு இரண்டு அடிக்கொன்று. தனிப் பற்றைகளாக நிற்க வேண்டுமென்றால் மூன்றடி இடைவெளி. மதிலிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். மதிலோடு ஒட்டி வைத்தால் காலை வெயிலில் சுடும் சுவர் ஒரு பக்கத்து இலையைக் கருக்கும். பூச்சுச் சாந்தும் சுண்ணாம்பும் விழுந்த மண் ஏற்கெனவே இருக்கும் காரத்தன்மையை இன்னும் கூட்டும். பின்பக்கம் போய் வெட்டவும் வழி வேண்டும்.

குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தோண்டிய மண் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம். சாம்பலும் எலும்புத்தூளும் போட வேண்டாம். சாம்பல் காரம், சுண்ணாம்புக்கல் கிட்டக் கிடக்கும் நிலத்தில் அது கெடுதலே செய்யும். எலும்புத்தூள் அமில மண்ணில்தான் கரைந்து பயன்படும், நமது மண்ணில் அப்படியே கிடக்கும். குழியின் அடியில் கல் தட்டினால் அலவாங்கால் ஒரு வெடிப்பாவது திறந்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை நாளாகியும் வற்றாவிட்டால் அந்த இடத்தில் குழி வேண்டாம். மேலே ஒரு அடி உயரத்துக்குக் கல் அடுக்கி மண் நிரப்பி அதில் வையுங்கள்.

நாற்றுமேடை:

செம்பாட்டான் அண்ணை சொன்னதோட சேர்த்து, கண்டுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை. ஆராவது தெரிஞ்ச வீட்டில் வெட்டுற தடியை வாங்கிக்கொள்ளுங்கோ. மாசி, பங்குனியில் பூ முடிஞ்சு வெட்டேக்க கிடைக்கிற தடிதான் நல்லது. பென்சில் மொத்தம், பச்சையும் மண்ணிறமும் கலந்த பகுதி. நுனிப் பிஞ்சு அழுகும், அடிக்கட்டை வேர் விடப் பிந்தும். நாலு முதல் ஆறு அங்குல நீளம், மூண்டு நாலு கணு. கீழ்க் கணுவுக்கு நேர் கீழே வெட்டி, கீழ்ப் பாதி இலையை உரிஞ்சு, மேல் இலையைப் பாதியாக் கத்தரிச்சு விடுங்கோ. பூக்கதிர் இருந்தால் கிள்ள வேணும். பூ வைச்ச தடி வேர் விட மாட்டன் எண்டு நிக்கும்.

கலவை: ஆற்றுமணலும் தும்புச்சோறும் சரிபாதி. கடற்கரை மணல் வேண்டாம். தும்புச்சோற்றை ரெண்டு மூண்டு தரம் நல்ல தண்ணியில் அலசிப் பிழியுங்கோ, சிலதில் உப்பு இருக்கும். பையில் ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரிக் குத்தி, சுற்றி அமத்தி, தண்ணி விட்டு, மேல பொலித்தீன் மூடி மாமர நிழலில் வைச்சால் மூண்டு நாலு கிழமையில் வேர். மெல்ல இழுத்துப் பாருங்கோ, பிடிச்சுக்கொண்டு நிண்டால் பொலித்தீனை ஒரு கிழமைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாத் திறவுங்கோ. ஒரேயடியாத் திறந்தால் பங்குனி வெயில் காற்றில் அண்டைக்கே வாடும். பொலித்தீனுக்குள்ள நேர் வெயில் விழக்கூடாது.

15 கண்டு வேணுமெண்டால் 25 தடி குத்துங்கோ. சித்திரையில் வேர் விட்டது புரட்டாதிக்குள்ள பையில் ஒரு அடி வளர்ந்திடும். அதுக்குள்ள ஒருக்கால் நுனி கிள்ளுங்கோ, அடியில் இருந்தே நாலைஞ்சு கிளை வரும்.

முற்றத்துவேம்பு:

நல்லது அக்கா. அப்ப நடுகிறது புரட்டாதியிலா? மாரி மழை துவங்கினாப் பிறகு ஐப்பசியில் வைக்கிறது நல்லதெண்டும் சொல்லினம்.

செம்பாட்டான்:

செம்பாட்டு மண்ணுக்குப் புரட்டாதிக் கடைசி. நமக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். முதல் மழைக்குச் சற்று முன் கண்டு மண்ணில் இருந்தால், மூன்று மாதத்துக்குத் துலாவும் வேண்டாம் மோட்டரும் வேண்டாம். தை வெயில் வரும்போது வேர் கீழே போயிருக்கும். நட்டதிலிருந்து மழை பிடிக்கும் வரை ஒன்றுவிட்ட ஒரு நாள் கண்டுக்கு மூன்று லீற்றர் போதும். முதல் ஆண்டு பூ குறைவாகவே இருக்கும். அடுத்த கார்த்திகையில்தான் பற்றையின் முழு அழகு.

பாத்திகட்டி:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. செம்பாட்டுக்கு அது சரி. தண்ணி நிக்கிற நிலத்துக்குச் சரியில்லை. வயல் கரை, குளத்தடி, வாய்க்கால் ஓரம், களி கலந்த மண் உள்ள வளவுகளில் புரட்டாதியில் வைத்த இளங்கண்டு கார்த்திகை அடைமழையில் கழுத்தழுகி விழும். மண்ணோடு சேரும் இடத்தில் தோல் கறுத்து, விரலால் தொட உரிந்து வரும். இலை பச்சையாக இருக்கும்போதே தொங்கும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் தண்ணி ஊற்றவே கூடாது. அப்படியான நிலத்தில் தை நடுப்பகுதிக்குப் பிறகு வையுங்கள், கோடை முழுதும் கிழமைக்கு இரண்டு தரம் தண்ணி விட வேண்டியிருக்கும், அதுதான் விலை. அல்லது முக்கால் அடி உயர வரம்பு கட்டி அதன் முதுகில் நடுங்கள். எந்த மண்ணாக இருந்தாலும் பையில் மண் மட்டம் எதுவோ அதே மட்டத்தில் நட வேண்டும். ஆழப் புதைத்தால் கழுத்தழுகலுக்கு நாமே வழி திறந்து விடுகிறோம்.

செம்பாட்டான்:

ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்னது வடிகிற மண்ணுக்கு மட்டும். கோண்டாவில், உரும்பிராய், இணுவில் பக்கச் செம்பாட்டில் தண்ணீர் தங்குவது கல்லுத் தட்டும் இடங்களில்தான்.

மணல்வெளி:

கொடிகாமம், மிருசுவில் பக்க மணலுக்கு என்ன மாற்ற வேணும்? இங்க விட்ட தண்ணி விட்ட இடத்தில் நிக்காது.

பாத்திகட்டி:

எருவைக் கூட்டுங்கள்: மண் ஒரு பங்கு, எரு ஒரு பங்கு. குழியின் அடியில் ஒரு சாண் தடிப்புக்குத் தென்னந்தும்பு அல்லது பழைய பொச்சுமட்டையை உட்பக்கம் மேல் நோக்கி அடுக்குங்கள், அது ஈரத்தைப் பிடிக்கும். கோடையில் நாலு நாளுக்கொருக்கால் ஐந்து லீற்றர். செம்பாட்டில் என்றால் எட்டு பத்து நாளுக்கொருக்கால் பத்து லீற்றர் ஒரேயடியாக விட்டால் போதும். தினமும் ஒரு செம்பு தெளிப்பது இரண்டு மண்ணுக்கும் பிழை. வேர் மேலேயே சுற்றி, சோளகக் காற்று வீசும் வைகாசி, ஆனியில் இரண்டு நாள் தவறினாலே செடி சோர்ந்துவிடும்.

மூடுபடை கட்டாயம். சீமைக்கிளுவை இலை, பூவரசம் இலை, நறுக்கிய வாழைமரம் எது கிடைத்தாலும் நான்கு அங்குலத் தடிப்பில் போடுங்கள், அடித்தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டு. வாழைமரத்தில் பொட்டாசியம் உண்டு, சாம்பல் செய்கிற வேலையைக் காரமில்லாமல் செய்யும். மழை துவங்க முன் இந்த மூடுபடையை அடியிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கி விடுங்கள்.

ஒழுங்கைமூலை:

எங்கட வீட்டு டிசம்பர் பூ நாலு வருசம் நிக்குது. அஞ்சடி உயரம், இலை கரும்பச்சை, பூ அங்கொண்டு இங்கொண்டு. வெயில் நாள் முழுக்க இருக்கு. மாதா மாதம் வேலி மாதிரிச் சதுரமா வெட்டி விடுறம், யூரியாவும் கைப்பிடி போடுறம். ஏன் பூக்குதில்லை?

நாற்றுமேடை:

காரணம் ரெண்டையும் நீங்களே எழுதிட்டியள். தீபாவளிக்கு வளவு துப்பரவாக்கேக்க ஒருக்கால் சதுரமா வெட்டினியளோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஐப்பசி வெட்டு எண்டால் மொட்டு முழுக்க வெட்டின குப்பையோட போயிருக்கும். கரும்பச்சை இலையும் அஞ்சடி உயரமும் யூரியா செய்யிற வேலை. யூரியாவில் 46 வீதம் நைதரசன். இலையும் தடியும் கொழுக்கும், மொட்டு பிந்தும், மாரிக் காற்றில் அந்தக் கொழுத்த தடி சரிஞ்சும் விழும்.

யூரியாவை இப்பவே நிப்பாட்டுங்கோ. இந்த வருசம் இனி வெட்டாமல் விடுங்கோ, வாறது வரட்டும். பூ முடிஞ்ச கையோட, மாசிக் கடைசியில் நிலத்தில் இருந்து ஒரு அடியில் முழுப் பற்றையையும் வெட்டுங்கோ. நாலு வயசுச் செடி எண்டபடியால் மொத்தத் தடிகளில் மூண்டில் ஒண்டை அடியோட எடுக்க வேணும். மரமாகிப்போன தடியில் பூ சிறுக்கும். வெட்டினாப் பிறகு பற்றைக்கு மூண்டு கிலோ கூட்டெரு, அதுதான் ஒரு வருசச் சாப்பாடு. வைகாசியில் தளிர் எட்டங்குலம் வந்ததும் நுனி கிள்ளுங்கோ. ஆடியில் இன்னொருக்கால். ஆவணி பாதி தாண்டினால் கத்தரிக்கோலை உள்ளுக்கு வையுங்கோ.

பாத்திகட்டி:

ஒரு அடிக்கு வெட்டுவது தண்ணி உள்ள வீட்டுக்கு. கோடையில் கிணறு அடியில் போகிற இடங்களில் அப்படி மொட்டையாக்க வேண்டாம். பங்குனி, சித்திரை வெயில் நேராகத் தடியில் விழும், புதுத் தளிருக்குத் தண்ணியும் வேண்டும். பாதி உயரத்தில் வெட்டி, உள்ளே காய்ந்த, ஒன்றோடொன்று உரசும் தடிகளை மட்டும் எடுங்கள். பூ எண்ணிக்கையில் கொஞ்சம் குறையும், செடி தப்பும்.

நாற்றுமேடை:

தண்ணி இல்லாத இடத்துக்கு அதுதான் நல்ல வழி. ஆனால் மூண்டு வருசத்துக்கு ஒருக்காலாவது தாழ வெட்டத்தான் வேணும். இல்லாட்டி அடி வெறுமையாகி, மேல மட்டும் குடை மாதிரி நிக்கும்.

தீவகக்காற்று:

வேலணையில் நிக்கிற செடிகளில் ரெண்டு விதப் பிரச்சினை. சிலதில் இலை ஓரம் மண்ணிறமாக் கருகுது. சிலதில் புதுத் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மருந்து ஒண்டா வேறயா?

செம்பாட்டான்:

வேறு வேறு. ஓரம் கருகுவது உப்பு. வாயில் வைத்தால் உவர்க்கும் தண்ணீரை இந்தச் செடிக்கு விட வேண்டாம். விட்டே ஆக வேண்டுமென்றால் இலையில் படாமல் அடியில், அடிக்கடி சிறிது சிறிதாக அல்லாமல் ஒரேயடியாக நிறைய விடுங்கள். அப்போதுதான் உப்பு வேருக்குக் கீழே கழுவிப் போகும். கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்துக் கோடையில் கலந்து விட்டால் பெரிய உதவி. கடல் காற்றும் உப்பைக் கொண்டுவரும். தென்மேற்குப் பக்கம் கிடுகு வேலியோ பூவரசோ நின்றால் சோளகம் நேராக அடிக்காது. மாரி மழை நன்றாகப் பெய்த பிறகு வரும் இலைகள் சுத்தமாக இருந்தால் கருகலுக்கு உப்புத்தான் காரணம் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் இளந்தளிரில் மட்டும் என்றால் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்பாட்டின் சிவப்பே இரும்புதான். குடாநாட்டின் அடியில் கிடக்கும் மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லும் அதிலிருந்து வரும் கடினத் தண்ணீரும் மண்ணைக் காரமாக்க, இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும்; வேர் அதை எடுக்க முடியாது. அதனால் பெரசுச் சல்பேற்று என்ற இரும்பு உப்பை மண்ணில் கொட்டினால் அதுவும் சில நாளில் பூட்டிக்கொள்ளும், காசு வீண். இலையில் தெளியுங்கள். ஒரு லீற்றர் மழைத்தண்ணீரில் ஐந்து கிராம் பெரசுச் சல்பேற்று, அரைத் தேசிக்காய்ப் புளி, இரண்டு துளி சவர்க்காரத் தண்ணீர். கலந்தவுடன், பின்னேர வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். பன்னிரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை. வைத்திருந்து மண்ணிறமாகிய கரைசலைப் பாவிக்க வேண்டாம். மதிலிலும் சிமெந்துத் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

மண்ணுக்கு இட வேண்டுமென்றால் ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று உறையில் போட்ட இரும்புக் கொடுக்கிச் சேர்வைதான், அதாவது இரும்பைப் பூட்டிக்கொள்ள விடாமல் பிடித்து வைத்திருக்கும் சேர்வைதான், காரமண்ணில் நிற்கும். ஈடிடிஏ (EDTA) என்று எழுதியது மலிவு, ஆனால் இந்த மண்ணில் சீக்கிரம் செயலிழக்கும். நீண்ட காலத்துக்கு உண்மையான மருந்து கூட்டெருவும் மூடுபடையும்தான்.

பழைய இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் இரும்பு அல்ல. கோடையில் என்றால் வறட்சி, மாரியில் என்றால் வேரில் தண்ணீர்.

முற்றத்துவேம்பு:

பூச்சி, நோய் எண்டு பெரிசாப் பயப்பட வேணுமா?

பாத்திகட்டி:

பெரிதாக இல்லை. கணுக்களில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் வெண்மூட்டுப் பூச்சி. கூடவே எறும்பு ஏறும். எறும்பைத் தடுக்காமல் பூச்சியைத் தீர்க்க முடியாது. அந்தத் தடியை வெட்டிக் கொளுத்துங்கள். மீதிக்கு ஒரு லீற்றர் தண்ணியில் ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சவர்க்காரத் தண்ணியில் முதலில் நன்றாகக் கரைத்து, பின்னேரத்தில் அடியுங்கள். ஏழு நாளுக்குப் பிறகு திரும்பவும். ஆனி, ஆடியில் இலை மங்கி, புள்ளி புள்ளியாக வெளிறி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிற்றுண்ணி. குழாயால் இலையின் அடிப்பக்கத்துக்கு வேகமாகத் தண்ணி பீச்சுவதே முதல் வைத்தியம்.

முள்முள்ளாகக் கறுத்த மயிர்க்கொட்டி சில காலங்களில் இலை தின்னும். அவற்றில் சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். நாலு இலை போனால் செடிக்கு ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வருகிற பற்றையில் இரசாயன மருந்து அடிக்கக் கை வரக்கூடாது.

மணல்வெளி:

சாடியில் வைக்கலாமா? மாடிக்கு ஏத்த யோசனை.

நாற்றுமேடை:

வைக்கலாம். 12 அங்குலத்துக்குக் குறையாத சாடி, அடியில் நாலு ஓட்டை. மண் ரெண்டு, கூட்டெரு ஒண்டு, மணல் ஒண்டு. கோடையில் தினம் தண்ணி கேட்கும், பராமரிப்புக் குறைவு எண்டது சாடிக்குப் பொருந்தாது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கால் மாசியில் வெட்டேக்க வேரையும் சுற்றிவர ரெண்டங்குலம் சீவி, புது மண் போட வேணும். மழைக்காலத்தில் சாடிக்குக் கீழ தட்டு வைக்க வேண்டாம். வேரும் அழுகும், தேங்கின தண்ணியில் டெங்கு நுளம்பும் பெருகும்.

முற்றத்துவேம்பு:

கடைசியா ரெண்டு கேள்வி. விதையில் இருந்து வருமா? சாமிக்குப் பறிக்கிறதால் செடிக்குக் குறை வருமா?

நாற்றுமேடை:

விதையில் வரும். ஆனால் நிறம் தாயைப் போல வரும் எண்டு நம்ப ஏலாது. கோடு போட்ட பூ வேணுமெண்டால் தடிதான். கோட்டுப் பூச்செடியில் சில நேரம் ஒரு கிளை முழு ஊதாவாத் திரும்பும். கண்டவுடன அதை அடியோட வெட்டுங்கோ, விட்டால் அந்தக் கிளை பலத்து மற்றதை அமத்திப்போடும்.

காய் ஒண்டில் நாலு விதை வரை இருக்கும். காய்ஞ்சதும் வெடிச்சுத் தூரத் தெறிக்கும். விதை வேணுமெண்டால் காய் மண்ணிறமாகத் துவங்கேக்க கதிரில் மெல்லிய துணிப்பை கட்டுங்கோ. விதைக்க முன் ஊறப் போட வேண்டாம். ஈரம் பட்டால் விதையில் வழுவழுப்பு வந்து ஒண்டோடொண்டு ஒட்டும், பிரிச்சு விதைக்க ஏலாது. காய்ஞ்ச விதையை அரை அங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் போட்டு ஈரம் காயாமல் வைச்சால் போதும். விதை வேண்டாம் எண்டால் பூ முடிஞ்ச கதிரைக் காய் முத்த முன்னமே கிள்ளுங்கோ. விட்டால் அடுத்த மாரியில் வளவு முழுக்க முளைக்கும். வேற நாடுகளில், பசிபிக் தீவுகள் சிலதில், இது களையாப் பரவினதும் உண்மை. பத்தை, வெறுங்காணி ஓரத்தில் வைக்கிற ஆக்கள் இதில் கட்டாயம் கவனம் எடுக்க வேணும்.

பறிக்கிறதால் குறை இல்லை, நன்மைதான். காய்க்குப் போற பலம் அடுத்த மொட்டுக்குப் போகும். பூவிதழை மட்டும் பிடிச்சு நேரா மேல இழுங்கோ, குழலோட கழண்டு வரும். பச்சைக் கதிரோட சேர்த்துக் கிள்ளினால் அதில் அடுத்தடுத்து விரிய இருக்கிற மொட்டும் போயிடும். விடியப் பறிச்ச பூ அண்டைப் பூசைக்குத்தான் நிக்கும், அடுத்த நாளுக்கு வைக்க ஏலாது. இரவு அடைமழை பெய்தால் விரிஞ்ச பூ அடிபட்டுக் கொட்டியிருக்கும். மறுநாள் மொட்டு விரியும்வரை அண்டைக்கு மட்டும் நந்தியாவட்டையைப் பாருங்கோ.